முதல் பந்திக்காரன் நாக்கு

விருமாண்டியின் மகன் முத்துப்பாண்டி செய்த குற்றம் இதுதான்: சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள், சாப்பாடு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

கேட்டவர் சாதாரண ஆள் இல்லை. வடக்கே பனி மூடிய மலை உச்சியில், முத்துப்பாண்டி வேலை பார்க்கும் எல்லைத் துணைப்படை முகாமுக்கு ஹெலிகாப்டரில் வந்து இறங்கிய பெரிய அதிகாரி. வரிசையில் நின்ற வீரர்களின் தோளைத் தட்டி, "கானா கைசா ஹை?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். சாப்பாடு எப்படி என்று அர்த்தம். ஒவ்வொருவனும் நெஞ்சை நிமிர்த்தி, "பஹுத் அச்சா, சாப்" என்றான். ரொம்ப நன்றாக இருக்கிறது ஐயா என்று அர்த்தம். இது வணக்கம் வைத்தால் பதில் வணக்கம் வைப்பது போன்ற ஒரு காரியம், இதில் கேள்வியும் கிடையாது பதிலும் கிடையாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். முத்துப்பாண்டிக்குத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்து, தான் கற்றுவைத்திருந்த இந்தியில் விவரமாகச் சொன்னான். பருப்பில் உப்பு இல்லை. பருப்பு வேகவும் இல்லை. ரொட்டி ஒரு பக்கம் கருகல், மறுபக்கம் பச்சை மாவு. நேற்றைய கிழங்கில் அழுகல் வாடை. பெரியவரின் கை அவன் தோளிலேயே நின்றுவிட்டது.

அவனை வாயாடிப் பயல் என்று நினைத்துவிட வேண்டாம். ஊர்ப் பழக்கம் அப்படி. கீழக்குயில்குடியில் சாமிக்குக் கிடா வெட்டினால், படையல் போடும் முன்னால் குழம்பை யாரும் வாயில் வைக்கக் கூடாது. ஆக்குகிறவர்கூட நாக்கில் தொட்டுப் பார்க்க முடியாது. கைக்கணக்கில் அள்ளிப் போடுவதுதான். சாமி கும்பிட்டு முடித்து முதல் பந்தி உட்கார்ந்தால்தான் உப்பு கூடவா குறைவா என்றே தெரியவரும். அதனால் முதல் பந்தியில் நாக்கு சுத்தமான ஒருவனை உட்கார வைத்து, ஆக்கியவரே வந்து குனிந்து, "உப்பு ஒறப்பு எப்படி?" என்று கேட்பார். அவன் உள்ளதை உள்ளபடி சொல்லியாக வேண்டும். முகத்துக்காக நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டால், அடுத்த பந்தியில் உட்காரும் அத்தனை பேருடைய சாப்பாடும் கெட்டுவிடும். மீசை முளைத்த நாளிலிருந்து அந்த இடத்தில் உட்காருகிறவன் முத்துப்பாண்டி. பெரிய அதிகாரி கேட்டதும், அடுத்த பந்தியில் உட்காரப் போகிறவர்களுக்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டான்.

மலை மேல் பருப்பை வேகவைக்க ஆள் இல்லை. ஆனால் வேகவில்லை என்று சொன்னவனை விசாரிக்க மதுரை கே.கே. நகரில் ஒரு அலுவலகமே இருந்தது. படைவீரர் உணவு மனநிறைவு வாரியம், தென்மண்டலக் கிளை. ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில், உள்ளே போனால் குளிர் நடுக்குகிற அளவுக்கு ஏசி வைத்து நடத்திவந்தார்கள். வாரியத்துக்கும் உணவுக்கும் சம்பந்தம் இல்லை. உணவு வேறு துறை. வாரியம் பார்ப்பது மனநிறைவை மட்டும். தென்மண்டலத்து வீரர்களின் மனநிறைவு நூற்றுக்கு நூறு என்று வருஷா வருஷம் டெல்லிக்கு எழுதி அனுப்பிப் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். முத்துப்பாண்டி வாயைத் திறந்ததில் அந்த நூறு கெட்டுப்போனது.

வாரியத்தின் செயலாளர் மாதங்கி விருமாண்டிக்குப் போன் செய்தார். "உங்க மகனோட வீட்டு உணவுப் பின்புலத்தை ஆய்வு பண்ணணும். சேர்மனே நேர்ல வர்றார். மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு வருவோம்."

விருமாண்டி கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல் போடுகிறவர், நாலைந்து ஆடு வைத்திருக்கிறவர். அரசாங்கத்தை அவர் இதுவரை பார்த்ததெல்லாம் தாலுகா ஆபீஸ் ஜன்னல் வழியாகத்தான். அப்பேர்ப்பட்ட அரசாங்கம் தன் வீட்டுக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறது என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"என்னத்துக்கு வாராகளாம்?" என்று கேட்டாள் மனைவி மாயக்காள்.

"நம்ம பய என்ன தின்னு வளந்தான்னு பாக்க வாராக. பாத்துட்டுப் போயி அங்கயும் அதே மாதிரி ஆக்கிப் போடுவாக."

"அப்படின்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சா, நீங்களாச் சொல்லுறீகளா?"

"இதச் சொல்லவா வேணும்? பெறகு எதுக்கு சாப்பாட்டு நேரத்துக்கு வாராக?"

மாயக்காளுக்குத் திருப்தி இல்லை. ஆனால் விருமாண்டி அதற்குள் இருந்ததில் நல்ல கிடாவாகப் பார்த்துப் பிடித்துக் கட்டிவிட்டார். சிம்மக்கல்லுக்கு டவுன் பஸ் ஏறிப் போய்ச் சீரகச் சம்பாவும் மசாலாச் சாமானும் வாங்கிவந்தார். ஊர் விருந்துகளுக்கு ஆக்கிப் போடும் சுருளி, மாயக்காளின் தம்பி, வந்து அடுப்பைப் பற்றவைத்தான்.

வாரியத்தின் சேர்மன் பீமாராவ், துணைப்படையின் சப்ளைப் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே சேர்மன் ஆனவர். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே மூக்கை உயர்த்தி வாசம் பிடித்தார். இலை போட்டார்கள். கறிக்குழம்பு, ஈரல் வறுவல், குடல், ரத்தப் பொரியல், எலும்பு ரசம். மாதங்கி மடிக்கணினியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் ருசி மட்டும் பார்ப்பதாகச் சொல்லி ஆரம்பித்தார். சிறிது நேரத்தில் மடிக்கணினி தரைக்கு வந்துவிட்டது. ஜீப் டிரைவர் பால்பாண்டிக்கும் தனி இலை. பீமாராவ் சோறு மூன்று முறை வாங்கினார். நாலாவது முறை, ஆய்வு முழுமையாக இருக்க வேண்டும் என்று சொல்லி வாங்கினார்.

"இந்த மாதிரி எப்பவாவது செய்யறதா, இல்ல தினமுமா?" என்று கேட்டார் மாதங்கி, விரலைச் சப்பிக்கொண்டே.

அந்த வீட்டில் தினமும் சோறும் ரசமும், வாய்த்தால் கருவாடு. முக்கால்வாசி நாள் ரேஷன் அரிசி. ஆனால் வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்தவரிடம், உங்களுக்காகத்தான் இம்புட்டும் என்று சொல்லிக் காட்டினால் அது விருந்தா? விருமாண்டி மீசையைத் தடவிக்கொண்டார். "நம்ம வீட்ல எப்பவும் இப்படித்தாம்மா."

"கறி எத்தனை நாளைக்கு ஒருமுறை?"

"அதுக்குக் கணக்கே இல்லம்மா."

அடுப்படி வாசலில் நின்று மாயக்காள் கண்ணைக் காட்டிப் பார்த்தாள், இருமிப் பார்த்தாள். விருமாண்டி குடலை அள்ளி இன்னொரு கரண்டி வைத்தார். போகும்போது பீமாராவ் அவர் கையைப் பிடித்து, "எங்களுக்கு வேண்டியது கிடைச்சிருச்சு" என்றார். விருமாண்டி அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அவரைக் கே.கே. நகருக்கு வரச் சொன்னார்கள். மாயக்காளும் கூடப் போனாள். குளிரில் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருவரும் நின்றார்கள். மாதங்கி முடிவை வாசித்தார். மேற்படி வீரரின் நாக்கு சிறுவயது முதல் வீட்டில் அளவுக்கு மீறிய ருசிக்குப் பழக்கப்படுத்தப்பட்டுள்ளது. குறை உணவில் இல்லை. குறை நாக்கில்.

விருமாண்டிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ரத்தம் தலைக்கேறியது. தன் வீட்டுக் கிடாவை வெட்டி, தன் கையால் அள்ளி வைத்து, தன் மகனுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறார்.

"ஐயா, பருப்பு வேகலன்னுதான் சொன்னான்" என்றார். "பருப்ப வேக வச்சுப்புட்டா முடிஞ்சு போச்சேங்கய்யா."

"பருப்பு எங்க வாரியத்துல வராது" என்றார் பீமாராவ். அவருக்குக் கோபமே இல்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது போலப் பொறுமையாகப் பேசினார். "நல்லா யோசிங்க. போன வருஷமும் இதே பருப்பு, இதே ரொட்டி. மனநிறைவு நூத்துக்கு நூறு. இந்த வருஷம் குறைஞ்சிருக்கு. பருப்பு மாறலை. ரொட்டி மாறலை. அப்ப மாறினது யாரு? உங்க மகன்."

"மலையில பருப்பு வேகாதாமே. குக்கர் வேணும்னு பய சொன்னான்."

"குக்கர் வாங்கியாச்சே. ஸ்டோர்ல பத்திரமா இருக்கு. நானே வாங்கினது. அதை மலை மேல ஏத்தினா அடிபட்டுக் கெட்டுப்போகாதா? அரசாங்கச் சொத்து." பீமாராவ் நாற்காலியில் சாய்ந்தார். "நான் முப்பது வருஷம் சப்ளையில இருந்தவன், விருமாண்டி. சாப்பாடு சரியில்லைன்னு ஒருத்தன் என்கிட்ட வந்து சொன்னதில்லை. ஏன் தெரியுமா? நான் ஒருத்தனையும் கேட்டதில்லை. அதுதான் நிர்வாகம். இப்ப வர்ற ஆபீசருங்க போய்க் கேக்கறாங்க. கேட்டா மனுஷன் சொல்லத்தான செய்வான்?"

மாயக்காள் முன்னால் வந்தாள். "ஐயா, அன்னைக்கு ஆக்குனது உங்களுக்கு வச்ச விருந்து. நாங்க தெனமும் அதத் திங்கல. இந்த மனுசன் பெருமைக்குச் சொல்லிப்புட்டாரு."

"அப்ப வாரியத்துக்குப் பொய்த் தகவல் கொடுத்திருக்கீங்க" என்றார் மாதங்கி.

"பரவாயில்லை" என்றார் பீமாராவ் பெரிய மனதுடன். "மறு ஆய்வு வெச்சுடலாம். திடீர்னு வந்து பார்ப்போம். எந்தத் தேதின்னு போன்ல சொல்றோம்."

அதுவரைக்கும் முத்துப்பாண்டிக்கு லீவு கிடையாது என்று உத்தரவாகியிருந்தது. சுவை மறுசீரமைப்பு முகாம் என்று ஒன்றுக்கு அவனை அனுப்பினார்கள். மறுபடி வாயைத் திறந்தால் வேலையைவிட்டு நீக்கிவிடுவார்கள். அங்கிருந்து போன் பேசும்போது அவன் குரல் அடங்கிக் கிடந்தது.

"அங்க என்னப்பா பண்ணுறாக?" என்று கேட்டார் விருமாண்டி.

"மொதல்ல பஹுத் அச்சான்னு சொல்லணும்ப்பா. பெறகுதான் தட்டுல போடுவாக."

"திங்கிறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமாப்பா. நேத்து வெறுந்தட்டக் குடுத்து எப்படி இருக்குன்னு கேட்டாக."

"நீ என்னப்பா சொன்ன?"

முத்துப்பாண்டி பேச்சை மாற்றினான். வயிறு எரிகிறது என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு விருமாண்டி சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். துப்பாக்கியைக் கையில் கொடுத்து எல்லையில் நிறுத்தியிருக்கிறார்கள், உயிரைக் கொடு என்கிறார்கள், அவனும் சரி என்கிறான். வெந்த பருப்பு ஒரு கரண்டி கேட்டதற்கு நாக்கைத் திருத்த முகாம் வைக்கிறார்கள். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

திடீர் ஆய்வுக்குத் தேதி சொன்னார்கள். மாயக்காள் மகனிடம் போனில் கேட்டாள். "நீ திங்கிற பருப்ப எப்படி ஆக்குறாக, ஒண்ணுவிடாமச் சொல்லு." அவன் சொல்லச் சொல்லக் கேட்டுவைத்துக்கொண்டாள்.

அதன்படியே ஆக்கினாள். பருப்பை அரைவேக்காட்டில் இறக்கினாள். உப்புப் போடவில்லை. கோதுமை மாவைப் பிசைந்து ஒரு பக்கம் கருகவிட்டு, மறுபக்கம் மாவாகவே எடுத்தாள். முளைவிட்ட கிழங்கைத் தோலோடு அவித்தாள். சுருளி எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, வீட்டுக்கு வாரவகளுக்கு இதையா வைக்கப்போறீக? ஊரு சிரிக்கும்" என்றான். விருமாண்டிக்குக் கை கூசியது. அந்த வீட்டில் எதிராளிக்குக்கூட இப்படி ஒரு தட்டு வைத்ததில்லை. மாயக்காள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். "எம்மவன் தெனமும் திங்கிறான். இவுக ஒருவேள தின்னாச் செத்தா போவாக?"

பீமாராவ் உற்சாகமாகத்தான் வந்து உட்கார்ந்தார். தட்டைப் பார்த்ததும் சுற்றும் முற்றும் பார்த்தார், உண்மையான சாப்பாடு பின்னால் வருகிறதோ என்று. வரவில்லை. பருப்புத் தண்ணீரில் விரல் நுனியை வைத்து எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார். மாதங்கி ரொட்டியைப் புரட்டிப் பார்த்து, படம் மட்டும் எடுத்தார்.

"சாப்பிடுங்கய்யா" என்றாள் மாயக்காள். "இதான் எம்மவனுக்குப் போடுறது."

"இன்னைக்கு எனக்கு விரதம்" என்றார் பீமாராவ். தட்டை இரண்டு சாண் தள்ளிவைத்து, கை கழுவத் தண்ணீர் கேட்டார். விரதக்காரர்கள் நாகமலை தாண்டியதும் ஒரு ஓட்டலில் ஜீப்பை நிறுத்தி மட்டன் சுக்கா தின்றதை, மறுநாள் சிம்மக்கல் பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது பால்பாண்டியே விருமாண்டியிடம் சொன்னார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீக. எனக்கும் ஒரு பரோட்டா வாங்கிக் குடுத்தாக" என்று வெட்கப்பட்டார்.

மறுபடி கே.கே. நகர். மறுபடி குளிர். மறு ஆய்வு முடிவை மாதங்கி வாசித்தார். மேற்படி வீரர் வீட்டு உணவு வேகாத பருப்பும் கருகிய ரொட்டியும் என்பது நேரில் கண்டு படமும் எடுக்கப்பட்டது. படையில் வழங்கப்படுவதும் அதுவே. ஆகவே தாய் வீட்டுச் சாப்பாட்டையே அரசு தன் வீரனுக்கு வழங்கிவருகிறது. இதில் குறை சொல்வது நன்றி கெட்ட செயல்.

மாயக்காள் போர்த்தியிருந்த சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள். "நல்லா ஆக்கிப் போட்டா நாக்கு கெட்டுருச்சுங்குறீக. கெட்டத ஆக்கிப் போட்டா இதத்தான தின்னு வளந்தான்ங்குறீக. நாங்க எதத்தேன் ஆக்குறது?"

"அதை வாரியம் சொல்லாதும்மா. வாரியம் கருத்து மட்டும்தான் சொல்லும்" என்றார் பீமாராவ். பிறகு விருமாண்டி பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "இதைப் பெரிசு பண்ண வேண்டாம். அடுத்த வாரம் மனநிறைவு நாள் விழா வைக்கறோம், பக்கத்து மண்டபத்துல. நீங்க மேடையேறி மைக்ல ஒரே வார்த்தை. 'திருப்தி'. அம்புட்டுதான். பையன் முகாம்லேர்ந்து வெளிய வந்துடுவான், வேலையும் நிலைக்கும், திருவிழாவுக்கு லீவுல ஊருக்கும் வருவான்."

விருமாண்டி வீட்டுக்கு வந்து மகனுக்குப் போன் போட்டார். அவன் வீம்பு பிடிப்பான், வேண்டாம் என்பான் என்று எதிர்பார்த்தார். "சொல்லிருங்கப்பா" என்றான் முத்துப்பாண்டி. "நான் ஊருக்கு வரணும்ப்பா."

விழாவுக்கு நுழைவாயிலில் பெரிய ஃப்ளெக்ஸ். அதில் பீமாராவ் ஒரு கரண்டியை ஏந்தி நின்றார். மேடையில் அவர் பேசினார். "பசி உடம்போட சம்பந்தப்பட்டது. மனநிறைவு தேசத்தோட சம்பந்தப்பட்டது. பசியோட இருக்கிறவன் திருப்தியா இருந்தா அவன்தான் வீரன். சாப்பிட்டுட்டுத் திருப்தியா இருக்க எவனாலும் முடியும், நான்கூட இருப்பேன்." கைதட்டினார்கள். கடைசி வரி தானாக வாயில் வந்துவிட்டது போலிருந்தது, ஆனால் கைதட்டல் கேட்டதும் அதையே இன்னொரு தரம் சொன்னார்.

பிறகு விருமாண்டியைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து பிரியாணி வாசம் வந்துகொண்டிருந்தது. "உங்க மகனோட சாப்பாடு எப்படி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் பீமாராவ். விருமாண்டி மைக்கை இறுகப் பிடித்தார். மகன் முகம் நினைவுக்கு வந்தது.

"திருப்தி" என்றார்.

சால்வை போர்த்தினார்கள். அன்றைக்கே மனநிறைவு நூற்றுக்கு நூறு என்று டெல்லிக்குத் தகவல் போனது. பிரியாணியைத் தொடாமல் வந்த விருமாண்டி, சால்வையை ஆட்டுக் கொட்டகையில் விட்டெறிந்தார். தெரு வழியே நடக்கும்போது யாராவது எதிரே வந்தால் குனிந்துகொண்டார். முதல் பந்தியில் உட்கார்ந்து பொய் சொன்னவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று அவருக்குத் தெரியும்.

முத்துப்பாண்டி வந்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், போன பிள்ளையில் பாதியாக வந்தான். மாயக்காள் அவனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஊர் கொண்டாடியது. ஊரை ஒட்டிய மலையடிவாரத்தில் சாமிக்குக் கிடா வெட்டி, தாமரைக் குளத்து ஓரத்தில் பந்தல் போட்டு, சுருளி பெரிய அண்டாவில் குழம்பு ஆக்கினான். படையல் முடிந்தது. முதல் பந்தியில் வழக்கம்போல முத்துப்பாண்டியை உட்கார வைத்தார்கள்.

சுருளி வந்து குனிந்தான். "மாப்ள, உப்பு ஒறப்பு எப்படி?"

முத்துப்பாண்டி கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்தான். முதுகு நேரானது. கண் நேரே எங்கோ நிலைத்தது. "பஹுத் அச்சா, சாப்" என்றான்.

பந்தியில் சிலர் சிரித்தார்கள். பட்டாளத்துக்காரன் கேலி பண்ணுகிறான் என்று நினைத்தார்கள். சுருளிக்குப் பெருமை. "மாப்ளைக்கு இந்தி வேற வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் பந்திக்கு இலை போடச் சொன்னான்.

இரண்டாம் பந்தியில் விருமாண்டி உட்கார்ந்தார். முதல் வாய் வைத்தார். குழம்பில் உப்பே இல்லை. துளிகூட இல்லை. சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த மீனா, தம்பி மகள், இலையைப் பார்த்தபடி மெதுவாக, "பெரியப்பா, எனக்கு மட்டுந்தேன் நாக்குல கோளாறா?" என்று கேட்டாள். முத்துப்பாண்டி நல்லா இருக்கு என்று சொன்ன பிறகு உப்பு இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? ஒவ்வொருவரும் கோளாறு தன் நாக்கில்தான் என்று முடிவுகட்டி விழுங்கிக்கொண்டிருந்தார்கள். கே.கே. நகர் ஆபீஸ் இவ்வளவு தூரம் வந்து பந்தியில் உட்கார்ந்திருக்கும் என்று விருமாண்டி நினைக்கவில்லை.

எழுந்தார். கையைக்கூடக் கழுவாமல் மகனைக் குளத்துப் படிக்குக் கூட்டிப்போனார். "குழம்பு எப்படிப்பா இருந்துச்சு? அப்பன்ட்டச் சொல்லு."

முத்துப்பாண்டி இடதுபக்கம் பார்த்தான். வலதுபக்கம் பார்த்தான். குரலை இறக்கி, "உப்பு சுத்தமா இல்லப்பா" என்றான். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "யார்ட்டயும் சொல்லிராதீகப்பா."

நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. நாக்கு சுத்தமாகத்தான் இருந்தது. எல்லையில் குண்டுக்கு நடுவே நிற்கிற பயல், சொந்த ஊரில், சொந்தக் குளத்தங்கரையில், தாய்மாமன் ஆக்கிய குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லப் பயப்படுகிறான். விருமாண்டிக்கு வந்த கோபம் அதுவரை அவர் வாழ்நாளில் வராத கோபம். அதில் பாதி தன் மேலும்தான்.

பந்தலில் ரேடியோ செட்காரர் கிடா கொடுத்தவர்களின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார். விருமாண்டி குழம்பு காயாத கையோடு போய் மைக்கை வாங்கினார். மலையில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி அவர் குரலை வயல்வெளி முழுக்க எடுத்துப்போனது.

"குழம்புல உப்பு இல்ல" என்றார். "எம்மவன் முத்துப்பாண்டி சொல்லுறான். நான் கேட்டதுக்குச் சொல்லுறான். அன்னைக்குக் கே.கே. நகர் மேடையில நான் திருப்தின்னேன். அது பச்சைப் பொய்யி. எம்மவனுக்கு மலையில போடுறது மனுசன் திங்கிற சோறு இல்ல. பருப்பு வேகல. வேக வைக்கிற குக்கரப் பூட்டி வச்சிருக்காக. இதக் கேட்டதுக்கு அவன் வாயக் கட்டிப்புட்டாக, எங்க வீட்டுக் கறியத் தின்னுக்கிட்டே கட்டிப்புட்டாக. வேலைய விட்டுத் தூக்குனாத் தூக்கட்டும். இங்கிட்டு வரட்டும். நான் ரசமும் சோறும் போட்டுக்கிறேன்."

பந்தி அப்படியே நின்றுவிட்டது. முத்துப்பாண்டி குளத்துப் படியிலேயே நின்றான். கீழே உட்கார்ந்திருந்த மீனாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஆமா, உப்பு இல்ல" என்றாள். அதன் பிறகு பந்தி முழுக்க அதையே சொன்னது. மாயக்காள் போய் மகன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

சுருளி தலையில் அடித்துக்கொண்டு அண்டா பக்கம் போனான். "நீ போட்டன்னு நான் இருந்தேன்டா" என்று கூட நின்று ஆக்கிய கூட்டாளியைத் திட்டினான். உப்பு இல்லை என்று சொன்னவர்கள் மேல் யாரும் விசாரணை வைக்கவில்லை. அவர்கள் வீட்டுக்கு யாரும் ஆய்வுக்குப் போகவில்லை. சுருளி சாக்கில் கையை விட்டு இரண்டு கை கல்லுப்பை அள்ளி, சொம்புத் தண்ணீரில் கரைத்து, அண்டாவில் ஊற்றி, துடுப்பால் நாலு சுற்றுக் கிண்டினான். பிறகு ஒரு கரண்டி மொண்டு குளத்துப் படிக்கு எடுத்துப்போய், முத்துப்பாண்டியின் உள்ளங்கையில் ஊற்றினான்.

"மாப்ள, இப்பச் சொல்லு. உப்பு ஒறப்பு எப்படி?"

முத்துப்பாண்டி நக்கிப் பார்த்தான்.

"இன்னும் அரைக் கை போடணும் மாமா" என்றான்.

சுருளி போய் இன்னும் அரைக் கை போட்டான். மூன்றாம் பந்திக்கு இலை போட்டார்கள்.